காணாமல் போன கடல் சாமந்தி: மூன்று நாள் தேடியதன் குறிப்பு

சென்ற சித்திரையில் தேவகோட்டையில் நடந்த ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்று இரண்டு நாள் கழித்துக் காரைக்குடி வீட்டுக்குத் திரும்பியபோது, பட்டாலை என்னும் கூடத்தில் இருக்கும் உப்புநீர் மீன்தொட்டியில் கடல் சாமந்தியைக் காணவில்லை. தொட்டி மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் கொண்டது. ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். அதன் நடுப்பாறையில் ஒன்றரை ஆண்டாக ஒரே இடத்தில் விரிந்திருந்த, கைகளின் நுனி குமிழாக உப்பும் ‘பபிள் டிப்’ வகைச் சாமந்தி அது. அந்த இடத்தில் இப்போது பாறை மட்டுமே இருந்தது. “பூ நேத்துச் சாயங்காலமே இல்லையேடா, நீதான் எடுத்து வச்சிட்டுப் போனேன்னு நினைச்சேன்” என்றார் அப்பத்தா.

அப்பத்தா பூ என்றுதான் சொல்வார். ஆனால் கடல் சாமந்தி பவளங்களுக்கு உறவான ஒரு விலங்கு. அடியில் இருக்கும் தட்டையான பாதத்தால் பாறையைப் பற்றிக்கொள்ளும், இடம் பிடிக்காவிட்டால் அந்தப் பாதத்தாலேயே மெல்ல ஊர்ந்து வேறிடம் போய்விடும். உடலிலுள்ள நீரை வெளியேற்றிவிட்டால், சாப்பாட்டுத் தட்டளவு விரிந்திருந்தது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், கண்ணில் படவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

இருந்தாலும் முதலில், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைத்தான் நிறுத்தினேன். ஊர்ந்துபோகும் சாமந்தி வேவ்மேக்கரின் உறிஞ்சும் பக்கத்தில் சிக்கினால் துண்டுதுண்டாகச் சிதைந்து, நீர் கெட்டு, ஒரே இரவில் மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும். கழற்றிப் பார்த்ததில் அதன் பஞ்சு உறை சுத்தமாகவே இருந்தது. தொட்டி நீர் வடிகட்டப்பட்டுத் திரும்பும் துணைத்தொட்டியான சம்ப்பில் உள்ள வடிகட்டும் துணிப்பையிலும் சதைத்துண்டு எதுவும் இல்லை. அடுத்து அம்மோனியா சோதனை: குழாயில் நீர் மஞ்சளாகவே நின்றது, அதாவது பூஜ்யம். இந்த அளவுத் தொட்டியில் அத்தனை பெரிய உயிர் செத்து இரண்டு நாள் அழுகியிருந்தால் நீர் கலங்கி நாற்றம் எடுத்திருக்கும், சோதனையும் பச்சையைக் காட்டியிருக்கும். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உப்படர்த்திதான் சரியாக இல்லை. 1.025 இருக்க வேண்டியது 1.027-ஐ நெருங்கியிருந்தது. நம் ஊர் வெயிலில் தொட்டியின் சூட்டைத் தணிக்க நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறிகளை ஓடவிட்டிருக்கிறேன். அதனால் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வரை ஆவியாகிவிடும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும் என்பதால் தினமும் ஆர்.ஓ. நீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். இரண்டு நாள் ஊற்றாததில் சம்ப்பில் நீர்மட்டம் இறங்கி, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சிக் கொரகொரத்துக்கொண்டிருந்தது. “முற்றத்து அண்டாவிலே கோடை மழைத் தண்ணி நிறைய இருக்கே, அதை ஊத்தக்கூடாதா?” என்று அப்பத்தா கேட்டார். அந்த அண்டா செம்பு. மனிதர் குடிக்க நல்லதென்று நாம் வைத்திருக்கும் செம்பு, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அந்த நீரில் ஒரு குவளைகூடத் தொட்டியில் விழக்கூடாது என்பதை அவரிடம் முன்பே சொல்லாமல் போனது என் தவறு. நல்லவேளையாக அவராக எதையும் ஊற்றவில்லை. ஆர்.ஓ. நீரை இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்த்து அடர்த்தியைக் கீழே கொண்டுவந்தேன்.

அன்றிரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு டார்ச்சுடன் ஒரு மணி நேரம் பாறை இடுக்குகளைத் துழாவியதில், இருப்பதே தெரியாமல் இருந்த ஒரு முள்புழுவைத் தவிர வேறெதையும் காணவில்லை. பாறைகளை எடுத்துப் பார்த்துவிடலாம் என்ற ஆசை வந்தது. அடியில் சாமந்தி இருந்து, அதன்மேல் பாறை புரண்டால் பாதம் கிழிந்துவிடும். பாதம் கிழிந்த சாமந்தி பிழைப்பது அரிது. ஆகவே கையை அடக்கிக்கொண்டேன்.

துப்புக் கொடுத்தது கோமாளி மீன்தான். என்னிடம் இருப்பது ‘ஒசெல்லாரிஸ்’ இணை, பண்ணையில் பொரித்தவை. கோமாளி மீன்களுக்கு இடங்கொடுக்கும் சாமந்திகள் உலகில் பத்து வகைதாம். இயற்கையில் ஒசெல்லாரிஸ் பபிள் டிப்பில் குடியிருப்பதில்லை என்றாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டில் பெரியதான பெண், சாமந்தி போனதிலிருந்து தொட்டியின் இடதுபுறப் பின்மூலைக்குப் போய், பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையே தலையைக் கொடுத்து உடலை அசைத்துவிட்டுத் திரும்புவதை இரண்டாம் நாள் முழுவதும் கண்டேன். இரண்டு நாளும் நான் அதைப் பசி என்றே எண்ணி உணவு போட்டுக்கொண்டிருந்தேன்.

தொட்டியின் பின்கண்ணாடியில் நீலத்தாள் ஒட்டியிருக்கிறது. சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி உண்டு. மூன்றாம் நாள் காலை அந்த இடைவெளியில் தோளை நுழைத்து, இடதுமூலைத் தாளை நகத்தால் நான்கு விரற்கடை உரித்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் உள்ளங்கையளவு வட்டமாக, வெளிறிய சிவப்பில், நடுவிலிருந்து விளிம்பு வரை வண்டிச் சக்கரத்து ஆரங்களைப் போல மெல்லிய கோடுகளுடன் ஒரு தட்டு ஒட்டியிருந்தது. சாமந்தியின் பாதத்தை அடிப்பக்கமிருந்து பார்த்தது அதுவே முதல்முறை. விளிம்பு ஓரிடத்தில் அரிசியளவு மேலெழும்பி மீண்டும் படிந்தது. உயிருடன்தான் இருந்தது.

ஏன் போனது என்பதற்கு உப்படர்த்தியைக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது முழுக்காரணமாகத் தோன்றவில்லை. ஊருக்குக் கிளம்புமுன் வேவ்மேக்கரை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, அவசரத்தில் பழைய இடத்துக்கு நான்கு விரற்கடை கீழே ஒட்டிவிட்டேன். நீரோட்டம் நேராகச் சாமந்தியின் தண்டில் அடித்திருக்கிறது. பபிள் டிப் தன் பாதத்தை இடுக்கில் மறைத்துக்கொண்டு கைகளை மட்டும் ஒளியில் நீட்டுவது. அதன் தண்டில் ஓயாமல் அடித்தால் எழுந்து போகாமல் என்ன செய்யும்?

பிய்த்து எடுக்கவில்லை. வேவ்மேக்கரை மேலே ஏற்றி ஒட்டினேன். சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் தயாரிக்கும் உணவே அதற்குப் பெரும் ஆதாரம் என்பதால், இருட்டில் நெடுநாள் கிடந்தால் வெளுத்துப்போகும். ஆகவே விளக்கைப் பின்னுக்கு ஆறங்குலம் நகர்த்தினேன். இரண்டு நாளுக்கொருமுறை பம்ப்புகளை நிறுத்திவிட்டு, பயறளவு நறுக்கிய இறாலை நீண்ட குழாயில் வைத்து அந்த இடுக்கின் வாயில் விட்டேன். முதல்முறை கவனிக்கவே இல்லை. இரண்டாம்முறை இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து துண்டைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டன.

பதினோராம் நாள் அது இடுக்கிலிருந்து பாதியளவு வெளியே விரிந்தது. நுனிக் குமிழ்கள் இன்னும் பழையபடி உப்பவில்லை. பெண் மீன் இரவில் அதில்தான் படுக்கிறது. ஆண் மீன் அருகில் போகப் பயப்படுகிறது. பழைய நடுப்பாறைக்கு அது திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது இருக்கும் இடத்தை இடதுபக்கக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்க முடிகிறது. அப்பத்தா தம் நாற்காலியைத் தூணருகே இருந்து அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.