கொல்லையில் ஊஞ்சல் போடும் முன் கீழே தரையைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்காக ஓர் ஊஞ்சலும் சின்னதாக ஒரு சறுக்கு மரமும் வைத்திருக்கிறோம். வருகிற எல்லாரும் ஊஞ்சலை எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் எனக்கு யோசனையும் அலைச்சலும் பெரும்பாலும் அந்தத் தரைக்குத்தான் போயின. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் படுகிற காயங்களில் பெரும்பகுதி கீழே விழுவதால் வருவது, அதனால் அடி எவ்வளவு பலமாகப் படும் என்பது எதில் விழுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை யோசிக்காமல் ஊஞ்சலின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் வேலை பார்த்த கொத்தனார் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிருவோம்மா, மழைக்குச் சேறு ஆகாது, பெருக்கவும் சுலபம்." வண்டி நிறுத்துகிற இடமாக இருந்தால் அவர் சொல்வது சரி. நாலடி உயரத்திலிருந்து ஒரு குழந்தை தலைகீழாக விழக்கூடிய இடத்தில் சிமென்ட், டைல்ஸ், பேவர் பிளாக், கருங்கல் எதுவுமே கூடாது. ஊஞ்சல் கால்களை ஊன்றப் போடுகிற கான்கிரீட் கட்டிகூட வெளியே தலைகாட்டாமல் மண்ணுக்குள் ஆழமாக இருக்க வேண்டும்.

"நாங்கெல்லாம் வெறும் மண்ணுல விழுந்து எந்திரிச்சு வளந்தவங்கதானே" என்றார் அத்தை. அவர் சொல்கிற மண் வயக்காட்டு மண், பொலபொலவென்று இருக்கும். இப்போது நம் வீட்டுக் கொல்லைகளில் இருப்பது வீடு கட்டும்போது இடிசல், செங்கல் துண்டு, களிமண் எல்லாம் போட்டு நிரப்பி லாரி ஏறி இறங்கி இறுகிப்போன தரை. சித்திரை மாத வெயிலில் அதைக் கடப்பாறையால் குத்தினாலே தீப்பொறி பறக்கும். புல்லும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஓடி விளையாட நல்லது, ஆனால் ஊஞ்சலுக்குக் கீழே பிள்ளைகளின் கால் உரசுகிற இடத்தில் சீக்கிரமே தேய்ந்து மொட்டையாகி, அடியில் இருக்கிற கெட்டித் தரை வெளியே வந்துவிடும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விளையாட்டிடங்களுக்காக வெளியிட்ட கையேடு, வெறும் மண்ணையும் புல்லையும் பாதுகாப்பான தரையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கையேட்டைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது.

அது சொல்கிற முக்கியமான விஷயம், தரையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, உயரத்தோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. வீட்டு விளையாட்டிடங்களுக்கான அவர்களுடைய கையேட்டின்படி 9 அங்குலம் மணல் போட்டால் கருவியின் உயரம் 5 அடிக்குள் இருக்க வேண்டும். அதே 9 அங்குலம் மரச்சில்லு என்றால் 7 அடி வரை போகலாம். ஊஞ்சலுக்கு உயரம் என்றால் உட்கார்கிற பலகையின் உயரம் இல்லை, சங்கிலி மாட்டியிருக்கிற மேல் கம்பியின் உயரம். ஏனென்றால் வேகமாக ஆடும் பிள்ளை கிட்டத்தட்ட அந்த உயரம் வரை போகும். கடையில் விற்கிற பெரிய ஊஞ்சல்களின் கம்பி 7, 8 அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே மணலைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எனவே நாங்கள் முதலில் செய்தது உயரத்தைக் குறைத்தது. பட்டறையில் சொல்லி, மேல் கம்பி 5 அடியில் வருகிற மாதிரி குட்டையாக ஒன்று அடித்து வாங்கினோம். சறுக்கு மரத்தின் மேடை 4 அடிதான். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு அது போதும், அவர்கள் வளர்ந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் எந்தத் தரை என்ற கேள்வி. செயற்கைப் புல்லை எல்லா வீட்டு மாடியிலும் பார்க்கிறோம், எனக்கும் அதன் மேல் ஒரு கண் இருந்தது. ஆனால் நேர் வெயிலில் அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். திருச்சி வெயிலில் வெறுங்காலோடு குழந்தை அதன் மேல் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அதோடு அதைப் பெரும்பாலும் சிமென்ட் தளத்தின் மேல்தான் விரிக்கிறார்கள், அடியில் அதிர்வு தாங்கும் மெத்தை போடாவிட்டால் அது வெறும் பச்சைப் போர்வைதான்.

ரப்பர் டைல்ஸ் உண்மையிலேயே நல்ல பொருள், நிழல் இருந்து பணமும் இருந்தால். வாங்கும்போது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுவதற்குப் பரிசோதித்தது என்று கேளுங்கள். ஐரோப்பாவில் இஎன் 1177 என்று ஒரு தரநிலை இருக்கிறது, தலையில் படும் அடியின் அளவு 1000 என்ற எல்லையைத் தாண்டாத உயரத்தை அதில் அளந்து சொல்வார்கள். நான் கேட்ட கடையில் அந்தச் சான்று இல்லை, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போடுகிற அதே டைலைத்தான் காட்டினார்கள். கறுப்பு ரப்பர் வெயிலில் சுடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மரச்சில்லு போட எனக்கு ஆசைதான், ஏனென்றால் அதிக உயரத்துக்குத் தாங்கும். ஆனால் எங்கள் பக்கம் கறையான் விடாது. தேங்காய் மட்டைச் சில்லு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது, மெத்தென்று இருக்கிறது, ஆனால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது காயவே காயாது, ஈரத்துக்கு மரவட்டையும் பூரானும் வந்து சேரும். செடிகளுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் மணல் என்று முடிவானது. எந்த மணல் என்பதில்தான் கவனம் வேண்டும். எம்-சாண்ட் என்பது பாறையை உடைத்து அரைத்தது. பருக்கைகள் கூர்முனையோடு இருக்கும், அதில் கலந்திருக்கிற மாவு போன்ற துகள் ஒரு மழைக்கு நனைந்து காய்ந்தால் தரை மாதிரி இறுகிவிடும். கட்டடத்துக்கு அந்த இறுக்கம் வேண்டும், நமக்கு அதுதான் வேண்டாம். அந்தத் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. உருண்டையான பருக்கை உள்ள மணல் காலில் சரியும், விழும்போது விலகிக்கொடுக்கும். ஆற்று மணல் அப்படிப்பட்டது, ஆனால் காவிரிக் கரையிலேயே இருந்தாலும் முறையாக வாங்குவது பெரும்பாடு, திருட்டு மணலை என் பிள்ளை விளையாட வாங்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்துகிற ஃபில்டர் மணல், கழுவிச் சலித்து அளவு பிரித்து மூட்டையில் வருகிறது. விலை கூடுதல்தான், ஆனால் தூசி இல்லை. எங்கள் இடத்தில் மேல் பாதிக்கு அதையும், அடிப் பாதிக்கு ரசீதோடு வாங்கிய ஆற்று மணலைச் சலித்தும் போட்டோம்.

அளவுக்கு வருவோம். ஊஞ்சல் கம்பியின் உயரம் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு முன்னாலும் இரண்டு மடங்கு பின்னாலும் மெத்தென்ற தரை இருக்க வேண்டும். எங்களுக்கு 5 அடி உயரம், எனவே முன்னால் 10, பின்னால் 10, மொத்தம் 20 அடி நீளம். அகலம் 10 அடி என்று வைத்தால் 200 சதுர அடி. போட்ட மணல் நாளாக நாளாகக் கால்வாசியாவது அமுங்கிவிடும் என்பதால், 9 அங்குலம் நிற்க வேண்டுமானால் 12 அங்குலம் கொட்ட வேண்டும். ஆக 200 கன அடி, நம் லாரிக் கணக்கில் சரியாக 2 யூனிட். ஊஞ்சல் பட்டைக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. கால்களுக்குப் பக்கவாட்டிலும் சறுக்கு மரத்தைச் சுற்றிலும் 6 அடிக்கு மணல் வேண்டும், அதற்குள் சுவர், தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற கல் எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவு இடம் இல்லையென்றால் ஊஞ்சலை விட்டுவிட்டுச் சறுக்கு மரம் மட்டும் வையுங்கள்.

மணலை மேடாகக் கொட்டிச் சுற்றிலும் செங்கல் கட்டாதீர்கள், அந்தச் செங்கல் முனையே காயப்படுத்தும். பள்ளம் தோண்டி மணல் மட்டமும் தரை மட்டமும் ஒன்றாக வரும்படி செய்யுங்கள். பள்ளத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்க அடியில் ஒரு சாண் ஜல்லி, அதன் மேல் மணலும் ஜல்லியும் கலக்காமல் இருக்க ஒரு துணி விரிப்பு, ஒரு மூலையில் துளை போட்ட பிவிசி குழாயை வெளியே சரிவாகக் கொண்டுபோவது, இவ்வளவும் மணல் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எங்களுடையது களிமண் பூமி, இது இல்லாவிட்டால் கார்த்திகையில் குட்டையாகிவிடும்.

எனக்குப் பெரிய பயம் பூனை. மணலைக் கண்டால் அதற்குக் கழிப்பிடம் என்று தோன்றிவிடும். நாய், பூனைக் கழிவு கலந்த ஈர மணலில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்தால் அவை குழந்தையின் பாதத் தோலுக்குள் நுழைந்து நெளிநெளியாக அரிப்புத் தடிப்பை உண்டாக்கும். அதனால் சாயங்காலம் விளையாட்டு முடிந்ததும் பச்சை நிழல்வலையை இழுத்து ஓரங்களில் கட்டிவிடுகிறோம். தார்ப்பாய் போட்டால் ஈரம் உள்ளேயே புழுங்கும், வலை காற்றை விடும். எங்களுக்கு வேப்பமர நிழல் இருப்பதால் வெயில் பிரச்சினை இல்லை, ஆனால் மாசி, பங்குனியில் இலையும், அப்புறம் பழமும் கொட்டும். வாரி எடுக்காவிட்டால் பழத்துக்கு ஈ மொய்க்கும். வாரும்போதே இறுகின மணலைக் கிளறிவிட்டு, பிள்ளைகளின் கால் பட்டுக் குழியான இடத்தை, முக்கியமாக ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்கின் முடிவிலும், இழுத்து நிரப்பிவிட வேண்டும். ஊஞ்சல் காலில் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், மணல் அதற்குக் கீழே இறங்கினால் புது மூட்டை வாங்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சிமென்ட் முற்றம் மட்டும்தான் இருக்கிறது, உடைக்க முடியாது என்பவர்கள் ஏறி விளையாடுகிற எதையும் அங்கே வைக்காமல் இருப்பதே நல்லது. மேலே ஒரு பாய், யோகா விரிப்பு போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த உயரத்துக்கு அது தாங்காது. பாண்டி, நொண்டி, பம்பரம், சாக்பீஸில் படம் வரைவது, மூன்று சக்கர சைக்கிள் இதற்கெல்லாம் சிமென்ட் தரை மிக நல்ல தரை. ஊஞ்சலுக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், அங்கேயும் முதலில் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.