ஒற்றியூரில் ஒரு தனிக் கச்சேரி: நாட்குறிப்பு

மார்ச் 3

திருவொற்றியூர் கச்சேரி உறுதியாகிவிட்டது. 21ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு, தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். வயலின் தனிக் கச்சேரி. இருபது வருஷத்துக்கு மேல் பக்கவாத்தியம் வாசித்தே பழகிய கை இது. பாடுகிறவர் போகிற வழியிலேயே போய், அவர் விட்ட இடத்தில் எடுத்து, ராகத்தில் கிடைக்கிற சில நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனாலும் தனிக் கச்சேரிக்கு ஏங்காத நாள் இல்லை. சுருதியின் அளவான கட்டையில் ஆண் பாடகருக்கு ஒன்று, பாடகிக்கு ஐந்து, ஐந்தரை என்று தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டே இருந்தவள், அன்றைக்கு இரண்டரைக் கட்டையில், என் வயலின் நன்றாகப் பேசுகிற சுருதியில் வாசிக்கப் போகிறேன்.

மார்ச் 5

மண்டபத்துக்காரர் கேட்டார்: "மயிலாப்பூர்ல வெச்சா நாலு பேர் பார்ப்பாங்களேம்மா, இங்க எதுக்கு?"

இங்கேதான் வைக்க வேண்டும், ஐயா. மணலி நமக்குக் கூப்பிடு தூரம். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் அங்கே வந்து இருந்தபோதுதான், அவர் மகன் பாலுசாமி (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், எழுதியதும் அந்தத் தொடர்பில்தான். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான். தியாகராஜரோ இந்த ஊர் வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பய்யரின் ஊர் இது. இத்தனையும் இருக்கிற ஊரில் வயலின் கேட்க எல்லோரும் தெற்கே போக வேண்டியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

மார்ச் 9

காலையிலிருந்து 'தாரினி தெலுசுகொண்டி' மட்டும்தான். சுத்த சாவேரி ராகம். ஸ ரி ம ப த, ஐந்தே ஸ்வரம். அந்த ஐந்து கிருதிகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது.

இதில் வயலினுக்கு ஒரு சோதனை இருக்கிறது. சரணங்களில் முதலில் ஸ்வரம், பிறகு அதே மெட்டில் சாகித்யம். பாடுகிறவருக்குக் கவலையே இல்லை. ஸ்வரத்தைச் சொன்னால் ஸ்வரம், வார்த்தையைச் சொன்னால் சாகித்யம். வாயில்லாத வாத்தியத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். வித்தியாசம் காட்ட வில் ஒன்றுதான் வழி. ஸ்வரத்துக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் வில்லை மாற்றுகிறேன். சாகித்யத்தில் ஒரு வார்த்தை முடிகிறவரை ஒரே வில். 'தெலுசுகொண்டி'யை நடுவில் வெட்டினால் அர்த்தமே போயிற்று. வலது கையில் வார்த்தை பிரிகிற இடம் தெரிந்தால் இடது கையில் கமகமும், அதாவது ஸ்வரத்தின் அசைவும், தானாக அடங்கி நிற்கிறது.

அதனால் என் மாணவியை வயலினை வைத்துவிட்டு வரிகளை வாய்விட்டுப் பாடச் சொன்னேன். "வாசிக்கத்தானே டீச்சர் வந்தேன்" என்றாள். பாடத் தெரியாமல் கிருதி வாசிக்கக் கூடாது, கண்ணு. அப்புறம் அவள் வாசித்தபோது வில் சரியாக நின்றது.

மார்ச் 12

கடல் காற்று. மேல் தந்தியில் துரு, புதிதாக மாற்றினேன். விரல் வழுக்கிச் செல்லத் தொடுகிற தேங்காய் எண்ணெய் ஒரு துளி வில் மயிரில் பட்டாலும் அதில் தேய்க்கிற ரோசின் பிசின் பிடிக்காது. துணி இரண்டு தனித்தனியாக வேண்டும்.

மார்ச் 15

மிருதங்க அண்ணனுடன் ஒத்திகை. நான் சாகித்யத்துக்கு வந்ததும் மிருதங்கச் சொற்களைக் குறைத்துக்கொண்டார். "வார்த்தை கேக்குதும்மா, அது மேல போய் எதுக்குத் தட்டணும்?" என்றார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்!

பெண் பக்கவாத்தியம் வேண்டாம் என்று ஒரு பாடகர் கடைசி நேரத்தில் என்னை மாற்றச் சொன்ன நாளில் இவர்தான், "அப்போ நானும் இல்லை" என்று மிருதங்கத்தை உறையில் போட்டார். அதை மறக்க முடியாது. 21ஆம் தேதி மிருதங்கம் மட்டும் ஒலிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு அவருக்கு வேண்டிய நேரத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 18

பட்டியல் முடிந்தது. வர்ணம், பேகடாவில் 'சுந்தரி நன்னிந்தரிலோ', பிரதானமாகக் கல்யாணியில் 'சுந்தரி நீ திவ்ய', அதன் பிறகு 'தாரினி'. கடைசியில் வருகிற சின்ன உருப்படிகளான துக்கடாவில் இரண்டு நோட்டுஸ்வரம், அவற்றை மாணவியும் என்னோடு வாசிப்பாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வரிகளின் பொருளைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுப்பேன். அனுமதி இலவசம். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முன் வரிசை அவர்களுக்குத்தான்.