நடைபாதையில் மீள்திறனை அளப்பது: களத்தில் கற்றவை

சென்னையில் வீடில்லாமலும் குடிநோயோடும் வாழ்கிறவர்களிடம் மீள்திறனை அளக்கப் போனால் முதல் தடங்கல் அந்தச் சொல்லிலேயே வந்துவிடும். ‘மீள்திறன்’, ‘மீண்டெழும் ஆற்றல்’ என்பதெல்லாம் ஆய்வேட்டுத் தமிழ். பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் ‘தாக்குப்பிடிக்கிறது’, ‘சமாளிக்கிறது’, ‘எழுந்து நிக்கிறது’ என்றுதான் பேச்சு. இவை ஒன்றல்ல. தாக்குப்பிடிப்பவர் இன்னும் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார். எழுந்து நிற்பவருக்கு அடி ஓய்ந்துவிட்டது. அளவுகோல்களில் பெரும்பாலானவை இரண்டாமவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. “கஷ்டத்துக்கு அப்புறம்” என்று கேள்வியைத் தொடங்கினால், “அப்புறம்னா எப்போங்க?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

அதனால் நாங்கள் பேட்டியை ஒரு சம்பவத்தோடு கட்டிவிடுகிறோம். கடந்த மூன்று மாதத்தில் நடந்த ஒன்றை அவரே சொல்வார்: துணிமூட்டை திருடுபோனது, படுக்கும் இடத்திலிருந்து விரட்டப்பட்டது, காலில் புண் வந்து வேலைக்குப் போகாமல் கிடந்தது. அதன் பிறகு வரும் கேள்விகளெல்லாம் அந்தச் சம்பவத்தைப் பற்றியவை. இப்படி மாற்றிவிட்டால், கிடைக்கும் மதிப்பெண்ணை வேறு நாட்டு ஆய்வுகளின் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. மீள்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படும் கானர்–டேவிட்சன் அளவுகோலுக்குக் கட்டணமும் அனுமதியும் உண்டு. அதில் ஒரு சொல்லை மாற்றுவதாக இருந்தாலும் உரிமையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எந்த அளவுகோலை எடுப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 2003இல் வெளிவந்த கானர்–டேவிட்சன் அளவுகோலில் 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 100. எல்லாமே நேர்மறை வாக்கியங்கள். தன் சோறும் படுக்கையும் பேட்டி எடுப்பவரின் தயவில் இருப்பதாக நினைக்கும் ஒருவர், எதற்கும் “ஆமாங்க சார்” என்பார். அவருக்கு 100க்கு 100 விழும்! 2008இல் வந்த சுருக்க மீள்திறன் அளவுகோலில் ஆறே வாக்கியங்கள், 1 முதல் 5. அதில் 2, 4, 6 எதிர்மறையானவை. மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். இதே மனிதர் ஆறுக்கும் “ஆமாம்” சொன்னால் மூன்று 5, மூன்று 1. சராசரி சரியாக 3.00. அந்த அளவுகோலில் 3.00 முதல் 4.30 வரை ‘இயல்பு’ என்று கொள்வது வழக்கம். ஆக, கேள்வியே காதில் விழாதவர் இயல்பானவராகப் பதிவாகிவிடுவார். நேர்மறை மூன்றின் சராசரியையும் எதிர்மறை மூன்றின் சராசரியையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால்தான் இது வெளியே தெரியும்.

கானர்–டேவிட்சனின் 25 வாக்கியங்களில் ஒன்று, தீர்வு தெரியாதபோது விதியோ கடவுளோ உதவக்கூடும் என்பது. நடைபாதையில் ‘ஆண்டவன் விட்ட வழி’ என்பது பல நேரம் கைவிட்டவரின் பேச்சு. அளவுகோல் அதை பலமாக எண்ணுகிறது. இந்த வாக்கியம் இல்லாத 10 வாக்கிய வடிவத்தையே (மொத்தம் 40) நாங்கள் விரும்புகிறோம். ஆனால் அதில் நெருங்கிய உறவு பற்றிய வாக்கியமும் இல்லை. பக்கத்தில் படுப்பவர் மூட்டையைப் பார்த்துக்கொள்வதும், காய்ச்சலில் கஞ்சி வாங்கிக்கொடுப்பதும்தான் இங்கே உயிரைக் காக்கின்றன. ஆகவே அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டுத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும், மொத்தத்தில் சேர்க்காமல்.

எழுத்தறியாதவருக்கு 0 முதல் 4 வரை எண்ணாகச் சொன்னால் நிற்காது. நாலு புளியங்கொட்டை போதும். முதலில் “அப்படி இருக்கா, இல்லையா?” இல்லையென்றால் கை காலி, 0. இருக்கிறதென்றால் “எவ்வளவு?” என்று கேட்டு ஒன்று முதல் நாலு கொட்டை வரை வைக்கச் சொல்லலாம். அளவைக் காட்ட டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டும் வழக்கம் சில பயிற்சிகளில் உண்டு. குடிநோய் உள்ளவர் முன் அதைச் செய்யக் கூடாது. டம்ளரைப் பார்த்ததும் குடி நினைப்பு வந்துவிடும்.

குடியின் அளவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ கேள்வித்தாள்: 10 கேள்விகள், மொத்தம் 40. 8 அல்லது அதற்கு மேல் கவலைக்குரியது, 20 அல்லது அதற்கு மேல் அடிமைநிலைக்கு வாய்ப்பு அதிகம். “ஒரு நாளைக்கு எத்தனை டிரிங்க்?” என்று கேட்டால் பதில் வராது, அவர் கணக்கு குவாட்டரிலும் கட்டிங்கிலும். கணக்கை நாம்தான் போட வேண்டும். குவாட்டர் 180 மில்லி, சாராயச் செறிவு 42.8 சதவீதம். 180 × 0.428 × 0.789 (ஆல்கஹாலின் அடர்த்தி) என்றால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஓர் அலகாக, அதாவது ஒரு ‘டிரிங்க்’காகக் கொண்டால் ஆறு அலகு. அதில் பாதியான கட்டிங் மூன்று. ‘கூட்டு’ சேர்ந்து வாங்கினால் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று கேட்டு வகுக்க வேண்டும். ஆடிட்டின் இரண்டாம் கேள்வியில் உச்சப் பதில் ‘10 அல்லது அதற்கு மேல்’. இரண்டு குவாட்டர் குடிப்பவரும் ஐந்து குடிப்பவரும் அங்கே ஒன்றாகிவிடுவதால் கிராம் கணக்கைத் தனியே எழுதிவைக்கிறோம். ‘செய்ய வேண்டியதைக் குடியால் செய்யாமல் விட்டதுண்டா’ என்ற ஐந்தாம் கேள்வியிலும் கவனம் வேண்டும். அவரிடம் யாருமே எதையும் எதிர்பார்க்காத நிலையில் 0 விழும். அது குடி குறைவு என்று பொருளாகாது.

நாள்கணக்கு நினைவில் இல்லாதவருக்கு டாஸ்மாக் மூடியிருக்கும் நாட்கள் நல்ல பிடிமானம்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், மே தினம், காந்தி ஜெயந்தி. “அன்னைக்கு என்ன பண்ணீங்கண்ணே?” என்று தொடங்கினால் முன்னும் பின்னும் உள்ள வாரங்கள் தானாக வரும்.

எந்த நேரத்தில் பேசுவது? ஊதிப் பார்க்கும் கருவி பூஜ்யம் காட்டினால் தெளிவாக இருக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். கடும் அடிமைநிலையில் இருப்பவருக்கு அந்தப் பூஜ்யம் ஆபத்தான நேரம். கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அந்தப் பதற்றத்தில் எடுக்கும் மதிப்பெண் மீள்திறனுடையது ஆகாது. அதனால் கருவியை நம்பாமல் மூன்று கேள்வி கேட்கிறோம்: இது எதற்கான பேட்டி, நடுவில் நிறுத்தலாமா, மறுத்தால் படுக்கையும் சாப்பாடும் போய்விடுமா? மூன்றையும் தன் வார்த்தையில் சரியாகச் சொன்னால் தொடரலாம். இல்லையென்றால் இன்னொரு நாள். குழப்பமோ வலிப்போ தெரிந்தால் பேட்டியை விட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். குடியை உடனே நிறுத்தச் சொல்லி அறிவுரை சொல்வதும் கூடாது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் திடீரென நிறுத்துவது உயிரை வாங்கும். கையெழுத்து போடத் தெரியாதவருக்குப் பாரபட்சமற்ற சாட்சி வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி. காப்பகப் பொறுப்பாளர் அந்தச் சாட்சியாக இருக்கவே கூடாது.

மாதமும் முக்கியம். தனியாக வரும் ஆண்களில் பலருக்குக் கல்யாணக் கேட்டரிங்தான் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமில்லை, வேலையில்லை. ஆடியில் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் அளந்து, மதிப்பெண் ஏறியதை உதவித் திட்டத்தின் பலன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

தனி ஒருவரின் மாற்றத்தைப் பேசும்போது அளவீட்டுப் பிழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, கானர்–டேவிட்சனின் 10 வாக்கிய வடிவத்தில் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 8, க்ரோன்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.80 என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டுப் பிழை 8 × √(1 − 0.80), அதாவது 3.6. இரண்டு அளவீட்டுக்கு இடையே 1.96 × 1.41 × 3.6 என்றால் கிட்டத்தட்ட 10 (1.96 என்பது 95 சதவீத உறுதிக்கு, 1.41 என்பது இரண்டு அளவீடுகளிலும் பிழை இருப்பதால் வரும் √2). பத்துக்குக் குறைவான ஏற்றத்தை வைத்து அவர் மேம்பட்டார் என்று சொல்ல முடியாது.

மறுமுறை ஆளைக் கண்டுபிடிக்கப் போன் எண் உதவாது. போன் அடிக்கடி தொலையும், அடகுக்குப் போகும். டீக்கடை, கூடப் படுப்பவர், வேலைக்கு அழைக்கும் மேஸ்திரி என்று மூன்று இடங்களை அவர் அனுமதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே விசாரிக்கும்போது குடி என்ற சொல்லே வரக் கூடாது. அப்படியும் கிடைக்கவில்லையென்றால் ‘தொடர்பில் இல்லை’ என்று ஒரே கட்டத்தில் தள்ளாமல், ஊர் திரும்பினார், மருத்துவமனை, சிறை, இறந்தார், தெரியவில்லை என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். கடைசியாக அவரைப் பார்த்தவர் யார், எந்தத் தேதி என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.