டொன் மில்ஸில் கார் இல்லாமல்

ரொறன்ரோவின் டொன் மில்ஸ் வீதியும் லோறன்ஸ் அவனியூவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, லிஃப்ட் இல்லாத ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். 1950களின் தொடக்கம்வரை டொன் மில்ஸ் என்ற இந்தப் பகுதி பண்ணை நிலம். பியர் தொழிலில் செல்வந்தரான ஈ. பி. டெய்லர் இங்கு ஏறத்தாழ 2,000 ஏக்கரை வாங்கிச் சேர்த்து, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த மக்லின் ஹன்கொக் என்ற இளைஞரிடம் புதிய குடியிருப்பை வடிவமைக்கும் திட்டத்தை ஒப்படைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு கேட்டு வந்த கூட்டத்துக்குக் கழிவுநீர்க் குழாய் போடவும் அப்போது இப்பகுதியை நிர்வகித்த நோர்த் யோர்க் நகரசபையிடம் வசதி இருக்கவில்லை. ஆகவே அந்தச் செலவை டெய்லரின் நிறுவனமே ஏற்றது. வரி வருமானத்துக்காகத் தொழிற்சாலைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

நான்கு குடியிருப்புப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி, நடுவே கடைத்தொகுதி, அதைச் சுற்றி டொன்வே என்னும் வளைய வீதி. வாகனங்கள் குறுக்கே புகுந்து ஓடாதபடி உள்வீதிகளை வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவே நுழையும் ஒற்றையடி நடைபாதை பூங்காவில் போய் முடிகிறது. மகள் பள்ளிக்கு அவ்வழியே போவதால் எனக்குப் பாதிக் கவலை இல்லை.

ஆனால் கார் இல்லாதவருக்கு அதே வளைவுகள்தான் தண்டனை. கண்ணுக்கெதிரே தெரியும் கூரையை அடைய அரைவட்டம் அடிக்க வேண்டும்; தை மாதக் குளிரில் பால் பையோடு நடப்பவருக்கு ஹன்கொக்கின் கலைநயம் சட்டென்று விளங்காது. வேலையும் வீடும் அருகருகே இருக்க வேண்டும் என்ற கனவும் பெரிதாகப் பலிக்கவில்லை: இங்கு வீடு வாங்கியவர்களில் பலர் வேலைக்கு வெளியே போனார்கள், இங்குள்ள தொழிலிடங்களில் வேலை செய்தவர்களில் பலர் வெளியிலிருந்து வந்தார்கள்.

என் கணிப்பில் இத்திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு, யாரும் புகழாத ஒன்று: தனிவீடுகளோடு நிறுத்திவிடாமல், மையத்தை ஒட்டி வாடகை மாடிகளையும் கட்டியதுதான். வீடு வாங்க வழியில்லாத எங்களைப் போன்றோர் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் பள்ளிக்கும் அருகே குடியேற முடிந்தது அதனால்தான்.

பழைய கடைத்தொகுதி 1978இல் உள்ளரங்க மோல் ஆனது. அதையும் இடித்துவிட்டு 2009இல் திறந்தவெளி அங்காடியைத் திறந்தார்கள். இப்போது அதன் அருகே கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உயர்ந்து நிற்கின்றன. அங்கே உடுப்புக்கடைகளை வேடிக்கை பார்ப்பதோடு சரி. முருங்கைக்காய்க்கும் சிவப்பரிசிக்கும் 54ஆம் இலக்கப் பேருந்தில் நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவுக்குத்தான் போகிறோம்.