எம்எஸ்சி பிசிக்ஸ் முடிக்கப் போறவங்களுக்கு, பிஎச்டி பத்தி

எம்எஸ்சி ஃபைனல் இயர் தம்பி தங்கச்சிங்க என்கிட்ட முதல்ல கேக்குறதே பிஎச்டிக்கு எந்த யுனிவர்சிட்டி நல்லதுண்ணாங்கறதுதான். நான் திருப்பிக் கேக்குறது எந்த கைடு, என்ன ப்ராப்ளம்? ஏன்னா அடுத்த அஞ்சாறு வருஷம் டெய்லி போய் உக்காரப் போறது அந்த ஒரு லேப்லதான்.

மெட்ராஸ் யுனிவர்சிட்டியையே எடுத்துக்கோங்க, 1952ல ஜி.என்.ராமச்சந்திரன் பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் ஹெட்டா வர்றப்ப முப்பது வயசுதான் இருக்கும், அங்க வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் கொலாஜன் ஸ்ட்ரக்சர் இன்னும் யாருக்கும் சரியா பிடிபடலன்னு சொல்லிட்டுப் போறார், கொலாஜன் தோல்ல இருக்குற புரோட்டீன், பக்கத்துல அடையாறுலயே லெதர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட், அங்க சாம்பிள் கேட்டு, கங்காரு வால் தசைநாணெல்லாம் வரவழைச்சு எக்ஸ்ரே எடுத்து, 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து நேச்சர் ஜர்னல்ல ட்ரிபிள் ஹெலிக்ஸ் (மூணு இழை கயிறு மாதிரி முறுக்கின அமைப்பு) பேப்பரே போட்டுட்டார். 1963ல, புரோட்டீன் செயின் எந்தெந்த கோணத்துல மடங்க முடியும்னு காட்டுற ராமச்சந்திரன் ப்ளாட்டும் அங்கருந்துதான், இன்னைக்கும் புரோட்டீன் ஸ்ட்ரக்சர் சரியான்னு அத வச்சுதான் செக் பண்றாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அந்த லெதர் இன்ஸ்டிடியூட் விஷயம், உங்க ஊர்ப்பக்கம் என்ன லேப் இருக்குன்னு ஒரு தடவ பாருங்க.

காசு விஷயம் வீட்ல கண்டிப்பா கேப்பாங்க. சிஎஸ்ஐஆர் நெட் எக்ஸாம்ல ஜேஆர்எஃப் (ரிசர்ச் பண்றதுக்கான ஃபெலோஷிப்) கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) தனி. 2024ல இருந்து நெட்லயே பிஎச்டி அட்மிஷனுக்கு மட்டும்னு ஒரு கேட்டகரி வந்திருக்கு, அதுல ஃபெலோஷிப் கிடையாது, அதனால ப்ராஜெக்ட்ல காசு இருக்கான்னு கைடுகிட்ட நேராவே கேளுங்க, கூச்சமே வேண்டாம். தரமணி ஐஎம்எஸ்சி (கணித அறிவியல் நிறுவனம்) மாதிரி இடத்துக்கு ஜெஸ்ட் என்ட்ரன்ஸும் எழுதி வைங்க.

மெயில் போடுறப்ப ஒரே மெயில அம்பது பேருக்கு அனுப்பாதீங்க, அவரோட கடைசி ரெண்டு பேப்பர படிச்சிட்டு அதுல ஒரு கேள்வி கேளுங்க. அப்புறம் அந்த லேப் சீனியர்ஸ்கூட டீ குடிச்சிட்டே பேசுங்க, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு சாம்பிளோட ஸ்ட்ரக்சர் பாக்குற மெஷின்) ஓடுதா, இல்ல சாம்பிள வெளிய அனுப்பணுமா, ஃபெலோஷிப் மாசாமாசம் வருதா, முன்னாடி இருந்தவங்க எத்தன வருஷத்துல தீசிஸ் சப்மிட் பண்ணாங்க, இதெல்லாம் எந்த வெப்சைட்லயும் இருக்காது.

காலேஜ்ல லேப் வசதியே இல்லன்னு சொல்றவங்களுக்கு, கொடைக்கானல் அப்சர்வேட்டரில நூறு வருஷமா எடுத்த சூரியன் படங்கள டிஜிட்டைஸ் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க, லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தானும் இருந்தா சன்ஸ்பாட் (சூரியன்ல தெரியுற கரும்புள்ளி) வச்சே ஒரு நல்ல எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்ணலாம், இந்த செமஸ்டர்லயே ஆரம்பிங்க.