என் பெயரில் வந்த பணமும் வேறு இரண்டு கையெழுத்தும்

ஊராட்சி மன்றத் தலைவர் தனியாகக் காசோலையில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. தலைவரை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இடஒதுக்கீட்டில் ஜெயித்து வந்த பெண்ணைப் பிடிக்காதவர்களுக்கு அந்த இரண்டாவது கையெழுத்து போதும். தெருவிளக்குக்கு பல்பு வாங்குவதைக்கூட நிறுத்தி வைக்கலாம்.

இந்த இரண்டாவது கையெழுத்தைப் பற்றி ஆய்வு செய்யத்தான் ஐசிஎஸ்எஸ்ஆரிடம், அதாவது தில்லியில் 1969 முதல் இயங்கும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்திடம், பணம் கேட்டேன். நான் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியர். வரலாற்றுத்துறையில் ஒருவர், பொருளியலில் ஒருவர் என்று அவ்வப்போது கேட்கிறார்கள், "எப்படி மேடம் பிராஜெக்ட் வாங்குனீங்க?" என்று. வாங்கியது சின்னக் கதை. செலவு செய்ததுதான் பெரிய கதை.

முதல் தடவை விண்ணப்பம் போட்டது 2021இல். "தமிழ்நாட்டில் பெண்களும் அரசியல் அதிகாரமும்" என்று தலைப்பு. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது சட்டத்திருத்தத்தில் ஆரம்பித்து, உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வரை 14 பக்கம் எழுதியிருந்தேன். தேர்வாகவில்லை. ஆகக்கூடாதுதான். ஓய்வுபெற்ற என் பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யார் வீட்டுக்குப் போய் என்னம்மா கேட்கப் போற? அது இதுல எங்க இருக்கு?" என்றார். எங்கேயும் இல்லை. அடுத்த தடவை அந்தக் கேள்விக்கான பதிலை முதல் பத்தியிலேயே வைத்தேன். கடலூர் மாவட்டத்தில் 20, விழுப்புரம் மாவட்டத்தில் 20, மொத்தம் 40 பெண் தலைவர்கள். காசோலைப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, துணைத் தலைவர் எத்தனை முறை கையெழுத்துப் போட மறுத்தார், யார் போய்ப் பேசிச் சரிசெய்தார்கள்.

இந்த இரண்டு மாவட்டத்தையும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கடலூரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. மாவட்டப் பிரிப்பு, எல்லைச் சிக்கல்களால் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனால் பதவிக்காலம் வேறு. இதை முன்மொழிவில் ஒரு வரியாகத்தான் எழுதினேன். பின்னால் அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது.

நிபுணர் குழுவின் முன் ஆன்லைனில் பேசச் சொன்னார்கள். கிடைத்தது பத்து நிமிடம்தான். "பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவர் ஆட்சி செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன?" என்று கேட்டார் ஒருவர். கணவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், துணைத் தலைவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினாரா, இணையம் தடுமாறியதா என்று இன்றுவரை தெரியாது.

2024 பிப்ரவரியில் ஒப்புதல் கடிதம் வந்தது. 4,60,000 ரூபாய். முதல் தவணை 40 சதவீதம். கடிதத்தில் என் பெயர் இருந்தாலும் பணம் என் கையில் வராது, கல்லூரிக்கு வரும். பிராஜெக்டுக்கென்று தனிக் கணக்கு, கல்லூரி முதல்வரும் பர்சாரும் (கல்லூரியின் வரவு செலவைப் பார்ப்பவர்) சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம். பொதுப்பணம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் முதல்வர் அந்த மாதம்தான் ஓய்வுபெற்றிருந்தார். புதியவரின் கையெழுத்தை வங்கியில் பதிய நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். குழு கூட வேண்டும். கூடவில்லை. ஜூலை வரை பணம் கணக்கில் சும்மா கிடந்தது, எடுக்க ஆளில்லை. முன்மொழிவின் மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது எனக்கே நடந்தது. சிரிப்பு வந்தது ரொம்பப் பிறகுதான்.

கள உதவியாளரை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. விளம்பரம், தேர்வுக்குழு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஃபைலில் இருக்க வேண்டும். எம்.ஏ. முடித்த ஒரு பெண் வந்தாள், கெட்டிக்காரி. முதல் வாரம் களத்துக்குப் போய்விட்டு வந்து என் மேஜையில் ஒரு கவரைக் கொட்டினாள். அத்தனையும் டவுன் பஸ் டிக்கெட். எல்லாம் மகளிர் கட்டணமில்லா டிக்கெட், விலை பூஜ்யம். "பயணத்துக்கு ஆதாரம் வேணும்னு சொன்னீங்களே மேம்." நான் எல்லாவற்றையும் ஏ4 தாளில் ஒட்டி வைத்தேன். ஆனால் டவுன் பஸ் போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போக அவள் கொடுத்த 40, 50 ரூபாய்க்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. ஆடிட்டருக்குப் பூஜ்ய ரூபாய்க்கு 31 ஆதாரங்கள் கிடைத்தன, கொடுத்த காசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் தேதி, ஊர், தூரம், தொகை எழுதி அவளும் நானும் கையெழுத்துப் போட்ட பயணக் குறிப்பை ஏற்றுக்கொண்டார். அன்றன்றைக்கு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து எழுதினால் மை ஒரே நிறமாக இருக்கும், ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார்.

கொஞ்சம் தாமதித்துத்தான் களத்தில் இறங்கினோம். விழுப்புரத்தை முதலில் முடித்தோம். கடலூரை டிசம்பருக்கு வைத்தேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம். வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருக்கும் தலைவரிடம் போய் "காசோலைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிசம்பர் முழுக்கப் போயிற்று. 2025 ஜனவரி 5 அன்று கடலூர் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. என் பட்டியலில் இருந்த 20 பேரும் முன்னாள் தலைவர்கள் ஆகிவிட்டார்கள்.

இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு ஐசிஎஸ்எஸ்ஆருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு மாவட்டத்தில் பதவியில் இருப்பவர்கள், இன்னொன்றில் இறங்கியவர்கள், இந்த வித்தியாசத்தையும் ஆய்வில் சேர்த்துக்கொள்கிறேன், கூடுதல் நிதி வேண்டாம், ஆறு மாதம் அவகாசம் மட்டும் வேண்டும் என்று. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். கிடைத்தது.

பதவி போன பிறகு அந்தப் பெண்கள் பேசிய விதமே வேறு. விழுப்புரத்தில் நாங்கள் பேட்டி எடுத்தபோதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கடலூரில் நாற்காலிகள் காலி. ஒரு அம்மா, தாழ்வாரத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, எந்தெந்த பில்லுக்குத் துணைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்று நோட்டில்லாமல் மனப்பாடமாகச் சொன்னார். மோட்டார் ரிப்பேர் பில் மட்டும் நாலு மாசம். கை நிற்கவில்லை, கீரை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். முடித்துவிட்டுக் கேட்டார், "ஏன் டீச்சரம்மா, இந்த ஆராய்ச்சிக்கு உனக்குப் பணம் குடுக்கறாங்களே, அதுக்கு நீ கையெழுத்துப் போட்டா எடுத்துக்கலாமா?" இல்லை என்றேன். இரண்டு பேர் போட வேண்டும், அதில் நான் இல்லை என்றேன். "ஒன்னுலயும் இல்லியா? எனக்காவது ஒன்னு இருந்துச்சி" என்றார். அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவில் அதற்குப் பிறகு அரை நிமிடம் சிரிப்புதான் இருக்கிறது.

யூசி பற்றிச் சொல்லியாக வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ், படிவம் 12-ஏ. தணிக்கை செய்த கணக்கோடு இது போகாமல் அடுத்த தவணை வராது. மார்ச் 31ஐ மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள். ஒரு செலவுத் தலைப்பில் ஒதுக்கிய பணத்தை இன்னொன்றில் அனுமதியில்லாமல் செலவழித்தால் வம்பு. எனக்குப் புத்தகத் தலைப்பில் மீதி இருந்தது, பயணத்தில் பற்றவில்லை. இது தெரிந்தும் என் காசில் 3,000 ரூபாய் போனது, அதைக் கேட்கவும் முடியாது. இன்னொன்று, சும்மா கிடந்த பணத்துக்கு வங்கி வட்டி போட்டிருந்தது. அது நம்முடையது இல்லை, அரசுக்குத் திருப்ப வேண்டும். மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் 2,317 ரூபாய் கட்டி ரசீதை யூசியோடு இணைத்தேன். அந்த வட்டியில் பெரும்பகுதி, குழு கூடாத மாதங்களின் வட்டி.

இறுதி அறிக்கை போய்விட்டது. பிராஜெக்ட் பணத்தில் வாங்கிய பொருள் கல்லூரியின் சொத்து என்பதால் ஒலிப்பதிவுக் கருவியைத் துறையில் ஒப்படைத்து, இருப்புப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கினேன். இப்போது அது துறை பீரோவில் இருக்கிறது. போன வாரம் ஒரு மாணவி பேட்டி எடுக்கக் கேட்டாள். பீரோ சாவி அலுவலகத்தில் இருக்கிறது, கடிதம் எழுதிக் கொடு, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.