கோணம் கொடுக்கவில்லையே!

பலகையில் ஆசிரியர் போடும் இயற்பியல், வேதியியல் கணக்கு எங்கும் தடுக்குவதில்லை. முதல் வரியிலேயே சரியான சூத்திரம், ஐந்தாவது வரியில் விடை. அந்தச் சூத்திரம்தான் என்று எப்படி முடிவாயிற்று என்பது மட்டும் பலகைக்கு வருவதே இல்லை. தேர்வில் மாணவர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். உராய்வில்லாத சரிவில் 5 மீட்டர் உயரத்தில் ஓய்விலிருந்த 2 கிலோ கட்டை சறுக்கி வருகிறது. அடியில் அதன் வேகம் என்ன? 'கோணம் கொடுக்கவில்லையே' என்று பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். சரிவைக் கண்டதும் கை தானாக எழுதுவது எம்ஜி சைன் தீட்டா, அதாவது சரிவின் வழியே கட்டையை இழுக்கும் விசை; அதற்குக் கோணம் வேண்டும். உயரத்தால் இருந்த ஆற்றல் முழுவதும் அடியில் இயக்க ஆற்றலாகிறது என்ற ஆற்றல் அழிவின்மை வழியாகப் போனால் கோணமே வேண்டாம், நிறையும் இருபுறமும் அடிபட்டுப் போகும். நொடிக்குச் சுமார் 9.9 மீட்டர். விடை வந்த பிறகும் 'அப்போது அந்த 2 கிலோ எதற்கு?' என்ற உறுத்தல் போகாது. கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்தித் தீர வேண்டும் என்பது பள்ளியிலேயே ஊறிய பழக்கம். விதியை விட்டுவிட்டுச் சரிவைப் பார்ப்பதும் அப்படித்தான். சீ, ஃபெல்டோவிச், கிளேசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது இதுதான்: கணக்குகளை வகை பிரிக்கச் சொன்னால், புதிதாகப் படிப்பவர்கள் சரிவு, சுருள்வில் என்று படத்தைப் பார்த்து அடுக்கினார்கள், தேர்ந்தவர்கள் விதியைப் பார்த்து அடுக்கினார்கள்.

ஆகவே கணக்கே போடாத பயிற்சி ஒன்று தேவை. எட்டுக் கணக்குகள், 20 நிமிடம். எந்த விதி, ஏன் என்று கணக்குக்கு ஒரு வரி. விடை கேட்கக் கூடாது. எட்டும் ஒரே பாடத்திலிருந்து வந்தால் பயிற்சி வீண், பாடத்தின் தலைப்பே விடையைச் சொல்லிவிடும்.

போட்டுக் காட்டிய கணக்குகளும் வேண்டியவைதான். முதலாவது முழுமையாக, இரண்டாவதில் கடைசிப் படி காலி, மூன்றாவதில் கடைசி இரண்டு படிகள் காலி. குழு என்றால் மூவர், தாள் ஒன்று. நான்காவது ஆள் வேடிக்கை பார்ப்பார். பேனா வேகமானவர் கையில் இருந்தால் மற்ற இருவரும் அப்படித்தான். தயங்குபவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

வேதியியலிலும் இதே கதைதான். 10⁻⁸ மோலார், அதாவது மிக மிக நீர்த்த, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன? 8 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அமிலக் கரைசல் காரமாகிவிட்டதே என்று தோன்றாது. நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 25 டிகிரி செல்சியஸில் விடை ஏறக்குறைய 6.98.

விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் இத்தனையும் வீண். பத்தில் படத்துக்கு 2, விதிக்கும் காரணத்துக்கும் 3, கணக்கீட்டுக்கு 3, சரிபார்ப்புக்கு 2 என்று பிரிக்கலாம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: 'சரிபார்த்தேன்' என்று எழுதியே அந்த 2 மதிப்பெண்ணை வாங்கிவிடுவார்கள். எனவே வினாவிலேயே கேட்டுவிட வேண்டும்: உயரம் சுழியானால் உன் விடை என்ன ஆகும்?